கனித்தோலும் பொன்துகளும்

கடையில் பழம் வாங்கும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறோம். காம்பருகே முகர்ந்து பார்க்கிறோம். தலைமுறைகளாகக் கைமாறி வந்த இந்தச் சோதனைகள் பழம் கனிந்துள்ளதா, அழுகத் தொடங்கிவிட்டதா என்பதைச் சொல்லும். அதன் மேல் என்ன தெளிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லா. தெளிக்கப்பட்டதை நம் உழவர்கள் 'மருந்து' என்றே அழைக்கிறார்கள். 'மருந்தடித்தாயிற்றா' என்ற கேள்வியில் பயிரின் பிணி தீர வேண்டும் என்ற அக்கறை இருக்கிறது. அதே சொல், அந்த மருந்து உண்பவருக்கும் தெளிப்பவருக்கும் நஞ்சாகலாம் என்பதை மறைத்தும் விடுகிறது.

இந்த மறைவை விலக்க வேதியியல் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக முயன்று வருகிறது. அம்முயற்சியின் அண்மைக் கட்டத்தில் தங்கமும் வெள்ளியும் நானோதுகள்களாகப் பொடிக்கப்பட்டுப் பழத்தோலின் மேல் தூவப்படுகின்றன. அவற்றின் மேல் பாய்ச்சிய ஒளி நஞ்சின் பெயரைச் சொல்கிறது. கருவிகள் படிப்படியாகக் கூர்மையடைந்த கதையாக இதைப் படிப்பது எளிது. ஆனால் கண்டறியப்பட்ட உண்மை யாரிடம் சென்றது, எப்போது சென்றது என்ற கேள்வியோடு படித்தால் இதே வரலாறு வேறொரு முகம் காட்டுகிறது. நாம் அப்படிப் படித்துப் பார்க்கலாம்.

தொடக்கம் பழத்தோட்டத்தில் அன்று, நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. 1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் போடில் என்பவர், தம் பாட்டனாருக்குக் காப்பியில் ஆர்செனிக் கலந்து கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் அக்கால முறைப்படி சோதித்து, ஆர்செனிக்கைக் காட்டும் மஞ்சள் வீழ்படிவைப் பெற்றார். ஆனால் நடுவர்கள் முன் வைக்கப்படுவதற்குள் அந்த வீழ்படிவு சிதைந்துவிட்டது. கண்ணால் காண முடியாததை நடுவர்கள் ஏற்கவில்லை; போடில் விடுதலையானார். இந்த ஏமாற்றமே மார்ஷை மேலும் துருவ வைத்தது. 1836இல் அவர் வெளியிட்ட முறையில், ஆர்செனிக் முதலில் வாயுவாக மாற்றப்பட்டுப் பின் சூடான கண்ணாடிக் குழாயில் பளபளக்கும் கரும்படலமாகப் படிந்தது. நஞ்சை அறிவது ஒரு வேலை, அறிந்ததைப் பிறர் கண்முன் நிறுத்துவது வேறொரு வேலை என்பது அந்த வழக்கிலேயே தெளிவாகிவிட்டது.

அடுத்த அரை நூற்றாண்டில் ஆர்செனிக் தோட்டங்களுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுகளை அழிக்க 'பாரிஸ் பச்சை' என்ற ஆர்செனிக் நிறமி தெளிக்கப்பட்டது. 1892இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்துப்பூச்சிகளுக்கு எதிராக ஈய ஆர்செனேட் பயன்பாட்டுக்கு வந்தது. இலையில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் மழைக்கு எளிதில் கரையாது என்பதும் அதன் சிறப்புகளாகக் கருதப்பட்டன. ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழுவுக்கு எதிராக அது அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. மழைக்குக் கரையாதது வீட்டுக் குழாயடியிலும் எளிதில் கரையாது என்பதை யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

1900இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் பீர் அருந்தியவர்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். பீர் வடிக்கப் பயன்பட்ட சர்க்கரையைத் தயாரிக்க உதவிய கந்தக அமிலத்தில் ஆர்செனிக் கலந்திருந்தது. ஏறத்தாழ 6000 பேர் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 70 பேர் இறந்தனர். விசாரித்த அரச ஆணையம், உணவில் ஒரு பவுண்டு எடைக்கு நூற்றில் ஒரு கிரெயினுக்கு மேல் ஆர்செனிக் இருக்கலாகாது என்றது. இன்றைய அளவில் அது கிலோவுக்கு ஏறக்குறைய 1.4 மில்லிகிராம். உணவிலுள்ள நஞ்சுக்கு எல்லைக்கோடு வரைந்த தொடக்ககால முயற்சிகளுள் இது முக்கியமானது. பிற்காலத்தில் அந்தக் கோடு ஆப்பிள் மீதும் விழுந்தது.

1925ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் அமெரிக்க ஆப்பிளைத் தின்றவர்கள் நோயுற்றதைத் தொடர்ந்து பழங்கள் சோதிக்கப்பட்டன. பிரிட்டிஷ் அளவை மிஞ்சிய ஆர்செனிக் அவற்றில் இருந்தது. இறக்குமதிக்குத் தடை வரும் என்ற அச்சம் எழுந்ததும் அமெரிக்கத் தோட்டக்காரர்களும் அரசு அதிகாரிகளும் விரைந்து செயல்பட்டனர். பொதியும் கூடங்களில் ஆப்பிள்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவப்பட்டன. ஏற்றுமதிப் பழங்கள் பிரிட்டிஷ் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. உள்நாட்டில் விற்கும் பழங்களுக்கோ 1927இல் அதைவிட இரண்டரை மடங்கு தளர்ந்த எல்லை அறிவிக்கப்பட்டது. அது ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக இறக்கப்பட்டு, 1932இல்தான் பிரிட்டிஷ் அளவை எட்டியது. ஒரே மரத்தில் காய்த்த இரண்டு பழங்களில், கடல் கடந்து போன பழத்துக்கு ஒரு நீதி, உள்ளூர்க் குழந்தை கடித்த பழத்துக்கு வேறு நீதி.

இங்கே அறிவியலில் குறையில்லை. ஆர்செனிக் வாயு பட்டதும் தாளில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் படரும் கறையின் நீளத்தை அளந்து அளவைச் சொல்லும் குட்சைட் சோதனை அப்போதே பழக்கத்தில் இருந்தது. அளந்தவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது, உண்டவர்களுக்குத் தெரியவில்லை. 1933இல் ஆர்தர் காலட்டும் எஃப். ஜே. ஷ்லிங்க்கும் எழுதிய '10 கோடிச் சோதனை எலிகள்' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல் இதைப் பொதுவெளியில் போட்டு உடைத்தது. நான்கு ஆண்டுகளில் அதற்கு எதிர்வினையும் வந்தது. மிசௌரி மாநிலத்துப் பிரதிநிதியும் தாமே பழத்தோட்ட உரிமையாளருமான கிளாரன்ஸ் கேனன், 1937இல் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு விதியைச் சேர்த்தார். தெளிப்பு எச்சங்களின் நச்சுத்தன்மையை ஆராய உணவு மருந்து நிர்வாகம் பணம் செலவிடக் கூடாது என்பதே அவ்விதி. ஆய்வு வேறு துறையிடம் சென்றது. 1940இல் எல்லை மீண்டும் தளர்த்தப்பட்டது. கருவியை உடைக்காமலே கண்ணைக் கட்டிவிட ஒரு நிதி மசோதா போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஈய ஆர்செனேட்டின் இடத்தை டிடிடி பிடித்தது. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைத் தொடர்ந்து பாரத்தியான் முதலிய கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் வந்தன. வேதியியலாளர்கள் இவற்றையும் நிறமாக மாற்றக் கற்றனர். 1945இல் வெளியான ஷெக்டர்–ஹாலர் முறை டிடிடியை நீலமாக்கியது. 1948இல் அவெரெல்லும் நாரிஸும் பாரத்தியானைச் செவ்வூதாவாக்கினர். எனினும் ஆய்வகத்தில் குடுவை நிறம் மாறுவது வாழ்க்கையில் யாரையும் எச்சரிக்கவில்லை. 1958இல் கேரளத்தில், கப்பலில் கொண்டுவரப்பட்டபோது பாரத்தியான் கசிந்து கலந்த கோதுமை மாவை உண்டு 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு அந்தத் துயரமே வித்திட்டது.

அதே காலத்தில் அளக்கும் ஆற்றல் திடீரெனத் தாவியது. 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணர்வி, டிடிடி போன்ற குளோரின் கொண்ட மூலக்கூறுகளை அதுவரை கற்பனைக்கும் எட்டாத சிற்றளவுகளில் கண்டது. 1962இல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. 1966இல் வெளியான ஓர் ஆய்வு, யாரும் மருந்தடிக்காத அண்டார்க்டிகாவின் பென்குயின் உடலில் டிடிடி இருப்பதை அறிவித்தது. எங்கு பார்த்தாலும் நஞ்சு தென்படலாயிற்று.

கூர்மை தன்னுடன் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. புற்றுநோய் தரும் எதையும் உணவில் சேர்க்கலாகாது என்று 1958இல் அமெரிக்கா இயற்றிய டிலேனி விதி, பூச்சியத்தை எல்லையாக வைத்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், நன்றியறிதல் திருநாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது, சுகாதாரச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் கிரான்பெரிப் பழங்கள் சிலவற்றில் அமினோடிரையசோல் என்னும் களைக்கொல்லி இருப்பதாக அறிவித்தார். ஒரே நாளில் சந்தை சரிந்தது. நல்ல பழமும் கெட்ட பழமும் சேர்ந்தே விலையிழந்தன. கடைக்காரரிடம் இரண்டையும் பிரித்தறியும் வழி இல்லை. மேலும், நேற்றைய கருவிக்குப் பூச்சியமாகத் தெரிந்தது இன்றைய கருவிக்குப் பூச்சியமாகத் தெரிவதில்லை. கருவி கூர்மையடைய அடைய, பூச்சியம் என்ற எல்லை விலகி ஓடிக்கொண்டே இருந்தது. 1996இல் பூச்சிக்கொல்லி எச்சங்கள் டிலேனி விதியின் பிடியிலிருந்து விலக்கப்பட்டன. 'இருக்கிறதா' என்ற கேள்வி போய், 'எவ்வளவு இருந்தால் தீங்கு' என்ற கேள்வி நிலைபெற்றது.

1985 கோடையில் கலிஃபோர்னியாவில் தர்ப்பூசணி உண்டவர்கள் வாந்தி, வியர்வை, தசைத் துடிப்பு என்று மருத்துவர்களை நாடினர். தர்ப்பூசணிக்கு அனுமதிக்கப்படாத ஆல்டிகார்ப் பழத்தின் உள்ளே இருந்தது. வேர்வழி ஏறிச் செடியெங்கும் பரவும் நஞ்சு அது. தோலைக் கழுவிப் பயனில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புகார் செய்தனர். அமெரிக்க விடுதலை நாள் விருந்துகளுக்காகப் பழங்கள் வெட்டப்பட்ட அந்த வாரத்தில், உண்டவர்களின் உடலே முதல் உணர்வியாக வேலை செய்தது. ஆய்வகம் பின்னால்தான் வந்தது.

ஆய்வகத்தை விரைவுபடுத்தும் முயற்சிகளும் வெற்றி பெற்றன. 2003இல் அனஸ்டசியாடஸ், லெஹோட்டே முதலியோர் வெளியிட்ட 'குவெச்சர்ஸ்' என்னும் முறை, 10 கிராம் பழக்கூழையும் சிறிதளவு கரைப்பானையும் உப்பையும் கொண்டு, முன்பு நெடுநேரம் பிடித்த பிரித்தெடுப்பைச் சில நிமிட வேலையாக்கியது. அதன்பின் நிறைநிறமாலைமானி ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான நஞ்சுகளைத் தேடும். உலகின் பெரும்பாலான ஆய்வகங்கள் இன்றும் இவ்வழியில்தான் செல்கின்றன. ஆனால் பழம் அரைபட வேண்டும். மாதிரி நகரத்துக்குப் பயணப்பட வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும். முடிவு வரும்போது, அதே லாரியில் வந்த மற்ற பழங்கள் உண்ணப்பட்டிருக்கும். இந்த இடைவெளியில்தான் நானோதுகள்களுக்கு வேலை பிறக்கிறது.

நானோதுகளின் நிறம் பழங்காலத்துக்குப் புதிதன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் லைகர்கஸ் கிண்ணம் 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கலைஞர்களின் கைவேலை. வெளியிலிருந்து ஒளி விழுந்தால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவினால் சிவப்பாகவும் தெரியும். கண்ணாடியில் கலந்த பொன், வெள்ளித் துகள்களே காரணம். செய்தவர்கள் காரணம் அறிந்திருக்க வழியில்லை. 1857இல் மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசல்களிலிருந்து மாணிக்கச் சிவப்பு நீர்மங்களை உண்டாக்கி, அச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாத பொன்துகள்களின் நிறம் என்று விளக்கினார். அவர் தயாரித்த குப்பிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேணப்படுகின்றன.

மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள பொன்துகளின் மேல் ஒளி விழும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் குளத்து நீர்போல் ஒன்றாக அலைமோதுகின்றன. பச்சை ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பை விட்டுவிடுகின்றன. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கொத்தானால் நிறம் நீலத்துக்கு மாறும். ஆகவே துகள்களைச் சேர்க்கவோ பிரிக்கவோ வல்ல எதையும் நிறமாற்றமாகக் காணலாம். கருவுற்றிருப்பதை வீட்டிலேயே அறியும் பட்டைகளில் தெரியும் இளஞ்சிவப்புக் கோடுகளிலும் பெரும்பாலும் இதே பொன்துகள்கள்தாம் இருக்கின்றன.

பூச்சிக்கொல்லிக்கு இதைப் பயன்படுத்திய முறையில் ஓர் அழகு உண்டு. கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் பூச்சியையும் மனிதரையும் தாக்குவது ஒரே வழியில்: நரம்புச் செய்தி முடிந்ததும் அதைத் துடைத்துவிடும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அவை முடக்குகின்றன. அந்த நொதியையே குப்பியில் விட்டு, அது சிதைப்பதற்கு ஏற்ற ஒரு பொருளையும் தந்தால், கந்தகம் கொண்ட ஒரு மூலக்கூறு விளையும். அது பொன்துகள்களைக் கொத்தாக்கி நீரை நீலமாக்கும். நஞ்சு இருந்தால் நொதி வேலை செய்யாது. நீர் சிவப்பாகவே நிற்கும். நஞ்சு எதைத் தாக்குகிறதோ அதுவே நஞ்சுக்குச் சாட்சியாகிறது. ஆனால் எந்த நஞ்சு என்று அது பெயர் சொல்லாது.

பெயர் சொல்ல வேறோர் ஒளி தேவைப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன், வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனோடு கல்கத்தாவில் நடத்திய ஆய்வுகளில், 1928 பிப்ரவரி 28 அன்று அந்த ஒளியைக் கண்டார். ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றம் மூலக்கூறின் அதிர்வுகளைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனிக் கைரேகை உண்டு. குறை என்னவெனில், இந்த ஒளி மிக மங்கல். பழத்தோலிலுள்ள சிட்டிகை நஞ்சின் கைரேகையை அதில் படிப்பது இயலாத காரியமாகவே நெடுங்காலம் இருந்தது.

1974இல் சௌதாம்ப்டனில் மார்ட்டின் ஃபிளெய்ஷ்மன், பேட்ரிக் ஹென்ட்ரா, ஜேம்ஸ் மக்குயில்லன் ஆகியோர் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையின் மேல் பிரிடின் மூலக்கூறுகளை வைத்தபோது, ராமன் ஒளி எதிர்பாராத வலிமையுடன் வந்தது. பரப்பளவு கூடியதால் மூலக்கூறுகளும் கூடின என்று அவர்கள் கருதினர். 1977இல் அமெரிக்காவில் வான் டைன் குழுவும் இங்கிலாந்தில் ஆல்பிரெக்ட், கிரெய்ட்டன் இருவரும் தனித்தனியே கணக்கிட்டு, அந்த விளக்கம் போதாது என்றனர். ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு பெருக்கம் அது. நானோ மேடுபள்ளங்களில் அலைமோதும் எலக்ட்ரான்களின் வேலை. ஃபாரடேயின் குப்பியும் ராமனின் ஒளியும் இங்கே சந்தித்தன.

ஃபிளெய்ஷ்மனிடம் சௌதாம்ப்டனில் பயின்ற தியான் சோங்சுன், சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தில் இதைப் பழத்துக்குக் கொண்டுவந்தார். 2010இல் அவருடைய குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பொன்துகளுக்கும் சில நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கா அல்லது அலுமினா உறை போர்த்தப்பட்டது. உறை இல்லாவிட்டால் பொன்னே மூலக்கூறுகளோடு ஒட்டி உறவாடிச் செய்தியைக் குழப்பும். உறையிட்ட துகளை ஆரஞ்சுத் தோலில் தூசிபோல் தூவி ஒளி பாய்ச்சியபோது, கையடக்கக் கருவியிலேயே மீத்தைல் பாரத்தியானின் கைரேகை தெரிந்தது. பழத்தை அரைக்கவில்லை; கரைக்கவில்லை. 2022இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் தீச்சுடர் வழியாகக் கண்ணாடியில் வெள்ளித்துகள்களைப் படியச் செய்து, ஆப்பிள் மேலிருந்த பாரத்தியானை 5 நிமிடத்தில் கண்டனர். 2024இல் சீன ஆய்வாளர்கள் வெள்ளித்துகள் பதித்த செல்லுலோஸ் படலத்தைக் கொண்டு, ஆப்பிளில் இடப்பட்ட திரம், கார்பென்டசிம் ஆகியவை தோலைக் கடந்து சதைக்குள்ளும் இறங்குவதைக் காட்டினர். கழுவினால் போதும் என்ற நம் சமையலறை நம்பிக்கைக்கு அது ஒரு கேள்விக்குறி.

எனினும் இக்கருவிகளைப் புகழ்வதில் நிதானம் வேண்டும். துகளோடு நன்றாக ஒட்டும் மூலக்கூறுகளே உரக்கப் பேசுகின்றன. கந்தகம் கொண்ட திரம் வெள்ளியை விரைந்து பற்றிக்கொள்வதால் ஆய்வுக் கட்டுரைகளில் அது அடிக்கடி தலைகாட்டுகிறது; ஒட்டாத நஞ்சுகள் மௌனமாகவே இருந்துவிடும். பழத்தின் மெழுகும் சர்க்கரையும் நிறமிகளும் தம் குரலையும் கலக்கின்றன. ஒரு தொகுதித் துகள் தரும் அளவை அடுத்த தொகுதி அப்படியே தருவதில்லை. ஆய்வகத்தில் அளந்து தடவிய நஞ்சுக்கும் தோட்டத்தில் வெயிலும் மழையும் பட்ட எச்சத்துக்கும் வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தனி எல்லை வகுக்காத நஞ்சுகளுக்கு 2008 முதல் பொது எல்லையாக வைத்திருப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அந்த அளவில் வழக்காடுமன்றத்தில் நிற்கும் சான்றைத் தர இன்னும் நிறைநிறமாலைமானிதான் வேண்டும். நானோ உணர்வியின் வேலை தீர்ப்புச் சொல்வதன்று; எந்தப் பெட்டியை நிறுத்திவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கைகாட்டுவது. கிரான்பெரிக் காலத்தில் கடைக்காரரிடம் இல்லாதது அந்தக் கைகாட்டிதான்.

ஆனால் கைகாட்டி யார் கையில் இருக்கும் என்பதற்கு வேதியியலில் விடையில்லை. 1927இல் ஏற்றுமதி ஆப்பிள் ஒரு நீதியும் உள்ளூர் ஆப்பிள் வேறு நீதியும் பெற்றதை நாம் பழங்கதையாக்கிவிட முடியாது. 2010இல் இந்தியத் திராட்சை குளோர்மெக்வாட் என்னும் வளர்ச்சிச் சீராக்கியின் எச்சத்துக்காக ஐரோப்பாவில் நிராகரிக்கப்பட்டபோது நாடு அதைப் பற்றிப் பேசியது. அயல்நாட்டுத் துறைமுகத்தின் சோதனைக்கு அஞ்சும் அளவுக்கு நம் தெருமுனைத் தள்ளுவண்டியின் வாடிக்கையாளருக்கு யாரும் அஞ்சுவதில்லை. இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். பழத்தோலில் நாம் தேடுவது எச்சம், அதாவது மிச்சம். முதலும் முழுமையும் தெளிப்பானைத் தோளில் சுமந்தவரின் மூச்சிலும் தோலிலும் சென்றுவிட்டன. உண்ணும் மேசையில் வைக்கும் உணர்வி அவரைப் பொறுத்தவரை மிகத் தாமதமாக வருவது.

ஆதலால் இந்தக் கருவிகள் மலிந்து வரும்போது நாம் கேட்க வேண்டியவை எளியவை. மொத்தச் சந்தையில் விடியற்காலையில் லாரி இறங்கும் இடத்தில் இவை வைக்கப்படுமா? அங்கே கண்டது அன்றே எழுதி ஒட்டப்படுமா? அந்தச் செய்தி தோட்டத்துக்கும் திரும்பிப் போய், அடுத்த தெளிப்புக்கு முன் உழவரின் கையை எட்டுமா, அல்லது அவரைத் தண்டிக்க மட்டும் பயன்படுமா? போடில் வழக்கில் மஞ்சள் நிறம் நடுவர்களை எட்டுமுன் சிதைந்தது. கேனன் காலத்தில் அறிவு உண்பவரை எட்டுமுன் நிறுத்தப்பட்டது. பொன்துகள் இனிச் சிவக்கும்போதும் நீலமாகும்போதும் அருகில் நிற்பவர்களுள் பழத்தை விளைவித்தவரும் உண்ணப்போகிறவரும் இருக்க வேண்டும் என்று கேட்பது, 200 ஆண்டு அனுபவத்துக்குப் பின் மிகையான கோரிக்கை ஆகாது.